பசிக்கு வைத்த பரீட்சை

முசரவாக்கத்து ரேஷன் கடையில் பையை நீட்டினால் கடைக்காரருக்குத் தேவை இரண்டே: குடும்ப அட்டை, விரல் ரேகை. இரண்டும் சரியாக இருந்தால் அரிசி தராசில் ஏறிவிடும். 2011 ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் அந்த அரிசிக்கு விலையும் கிடையாது. பட்டுத்தறிக்காரர், களை பறிக்கப் போகிறவர், தொழிற்சாலை வேனுக்குக் காத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே கடை, ஒரே வரிசை. உடம்பு திடமாகத்தானே இருக்கிறது, ஏன் வேலைக்குப் போகவில்லை? பெற்ற பிள்ளைகள் எங்கே? பிறந்த ஊர் எது? ஒழுக்கமான ஆள்தானா? இவற்றில் ஒன்றைக்கூடக் கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இந்தக் கேள்விகளெல்லாம் சட்டமாகவும் சட்டத்தின் நடைமுறையாகவும் இருந்தன. பிறகு அவை கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. பஞ்ச காலத்தில் நம் மக்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தன. அவற்றோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய ஒன்று மட்டும் கப்பலேறவில்லை. இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலில் இங்கிலாந்து. 1520களில் சுமார் 24 லட்சமாக இருந்த அந்நாட்டு மக்கள்தொகை 1600-ஐ ஒட்டி 40 லட்சத்தைத் தாண்டியது. தானிய விலை ஏறியது. கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. பொது மேய்ச்சல் நிலங்களைப் பெரும்பண்ணைக்காரர்கள் வேலி போட்டு வளைத்தார்கள். அதுவரை வாசலில் ரொட்டியும் கஞ்சியும் கொடுத்துவந்த துறவி மடங்களை எட்டாம் ஹென்றி மன்னர் 1536-க்கும் 1540-க்கும் இடையில் கலைத்து, சொத்துகளைக் கைப்பற்றினார். பிழைப்புத் தேடி நடந்தவர்களால் சாலைகள் நிறைந்தன. ஊரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர்களைக் கண்டு பயம். அந்தப் பயம்தான் சட்டங்களை எழுதியது.

1531-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடல் திடமாக இருந்தும் வேலையின்றித் திரிபவரை வண்டியின் பின்னால் கட்டிச் சந்தைத் தெருவில் சாட்டையால் அடிப்பார்கள். முடமானவருக்கும் முதியவருக்கும் பிச்சையெடுக்க உரிமச் சீட்டு உண்டு. 1547-ல் இன்னொரு படி மேலே போனார்கள்: வேலையை மறுப்பவரின் மார்பில் சூட்டுக்கோலால் எழுத்துக் குறி போட்டு, அவரைக் காட்டிக்கொடுத்தவருக்கே இரண்டு ஆண்டு அடிமையாகக் கொடுத்துவிடலாம். இந்தச் சட்டத்தை நடத்திக்காட்ட யாருக்கும் மனம் வராததால் மூன்றே ஆண்டில் நீக்கிவிட்டார்கள். 1572-ல் வந்தது காதுச் சட்டம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வலது காதில் துளை போடுவது. இவை ஏதோ கொடுங்கோலனின் கிறுக்குத்தனங்கள் அல்ல. நாடாளுமன்றத்தில் கற்றவர்கள் உட்கார்ந்து வாதாடி நிறைவேற்றியவை.

இந்த ஏழைகள் சோம்பேறிகள்தானா என்று ஓர் ஊர் எண்ணிப் பார்த்தது. அது நார்விச், கம்பளித் துணி நெசவுக்குப் பேர்போன நகரம். காஞ்சிபுரத்துக்காரர் அங்கே போயிருந்தால் தறிச் சத்தம் கேட்டே வழி கண்டுபிடித்திருப்பார். 1570-ல் நகராட்சி வீடு வீடாகப் போய் ஏழைகளைக் கணக்கெடுத்தது. பெரியவரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 2,300 பேர். அவர்களுடைய வயது, தொழில், உடல்நிலை, எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பதிவாயின. வறுமையைப் பற்றி உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய, மிக விரிவான கணக்கெடுப்புகளில் அது ஒன்று. அதில் எழுபது, எண்பது வயது விதவைகள் வருகிறார்கள். வேலை செய்யும் காலம் கடந்துவிட்டது என்று எழுதிய கையோடு, ஆனாலும் பாவுக்கு நூல் நூற்கிறார்கள் என்றும் எழுத வேண்டியிருந்தது. பெண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். வேலை இருந்தது, அந்த வேலை சோறு போடவில்லை. இந்த உண்மை 1570-லேயே காகிதத்தில் ஏறிவிட்டது. அதைப் படித்த பிறகும் சோம்பேறியைத் தேடும் வேட்டை நிற்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

லண்டனில் பிரைட்வெல் என்று ஓர் அரண்மனை. 1553-ல் ஆறாம் எட்வர்டு மன்னர் அதை நகரத்துக்குக் கொடுத்தார். நகரம் அதைத் திரிபவர்களைப் பிடித்து அடைத்து வேலை வாங்கும் கூடமாக்கியது. நம் மணிமேகலையில் இதற்கு நேர் எதிரான காட்சி உண்டு: சோழ மன்னனிடம் கேட்டு, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள் அவள். பிற்பாடு மழை பொய்த்துக் காஞ்சி மாநகர் வாடும்போது அமுதசுரபியோடு இங்கே வந்து பசியாற்றுகிறாள். இதை வைத்து நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அது காப்பியம், பிரைட்வெல் வரலாறு. நம் வரலாற்றில் வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. பிராமணருக்கு மட்டும் இலை போட்டவை அவற்றில் ஏராளம். பசித்தவனிடம் இங்கிலாந்து நடத்தையை விசாரித்தது. நாம் சாதியை விசாரித்தோம். 1867 மே 23-ல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கி எவரையும் எதுவும் கேட்காமல் சோறிட்டது அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு கலகமாகவே இருந்தது.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். அடித்தும் சூடு போட்டும் ஓய்ந்த பிறகு, 1598-லும் 1601-லும் முதலாம் எலிசபெத் காலத்து நாடாளுமன்றம் வேறொரு சட்டம் செய்தது. ஒவ்வொரு கோயிலையும் சேர்ந்த ஊர்வட்டத்தில், அதாவது நம் ஊர்க் கத்தோலிக்கர் பங்கு என்கிறார்களே, அதில், ஏழைகளைக் கவனிக்க ஆண்டுதோறும் மேற்பார்வையாளர்களை நியமிக்க வேண்டும். நிலமும் வீடும் வைத்திருப்பவர்களிடம் அவர்கள் வரி தண்ட வேண்டும். உழைக்க முடியாதவருக்கு அதிலிருந்து வாரப்படி. அநாதைப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக ஏற்பாடு. உழைக்க முடிந்தவருக்குச் சணல், கம்பளி, நூல், இரும்பு என்று மூலப்பொருள் வாங்கிக் கொடுத்து வேலை. தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பெற்றோர் பராமரிப்புக்காக இந்தியா 2007-ல் இயற்றிய சட்டத்தின் தூரத்துப் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம்.

வரி கட்ட மாட்டேன் என்றால் பொருளை ஜப்தி செய்வார்கள். படி தர மறுத்தால் ஏழை நீதிபதியிடம் முறையிடலாம். பல நீதிபதிகள் கொடு என்று உத்தரவிட்டுமிருக்கிறார்கள். ஒரு நாடு முழுவதும், ஊர் தவறாமல், வரிப்பணத்தில் ஏழைக்குப் படியளந்த ஏற்பாடு அன்றைய ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லை. இங்கிலாந்தில் அமைதிக் காலத்தில் மக்கள் பட்டினியால் கூட்டமாகச் செத்த கடைசிப் பஞ்சம் 1623-ல் வடமேற்கு மலைப்பகுதியில் வந்தது. 1690களில் பிரான்சிலும் ஸ்காட்லாந்திலும் பெரும் பஞ்சம் வந்தபோது இங்கிலாந்து தப்பியது. விளைச்சல் கூடியதும் ஒரு காரணம். ஊர்தோறும் இருந்த இந்த வரிப்படி இன்னொரு காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கணிக்கிறார்கள். கையில் காசில்லாதவன் விளைச்சல் கூடியும் வாங்க முடியாது என்பதால் எனக்கு இரண்டாவது காரணத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கொடுத்த கையாலேயே கிள்ளியும் வைத்தார்கள். ஊர் வரி ஊர் ஏழைக்கே என்றால், யார் ஊர்க்காரர் என்ற கேள்வி வந்துவிடுகிறதல்லவா? 1662-ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக வந்து குடியேறியவர் நாளை வரிக்குப் பாரமாவார் என்று தோன்றினால் 40 நாளுக்குள் பிடித்துப் பழைய ஊருக்கு அனுப்பலாம் என்றது. ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகையில் வீடோ நிலமோ பிடிக்க வசதி உள்ளவரை மட்டும் அசைக்க முடியாது. கணவனில்லாத பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை பிறந்த ஊருக்கே சொந்தம். அதனால் நிறைமாத கர்ப்பிணிகளை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட ஊர் அதிகாரிகள் வண்டி பிடித்தார்கள். அந்த வண்டிக்கூலி ஊர்க் கணக்குப் புத்தகங்களில் செலவாக எழுதப்பட்டிருக்கிறது. 1697-ல் இன்னொன்று: படி வாங்குகிறவர் மேலாடையின் வலது தோளில், சிவப்பு அல்லது நீலத் துணியில் ஏழை என்பதற்கான எழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் தைத்துக்கொள்ள வேண்டும். 1810 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

சோறும் அவமானமும் ஒரே தட்டில். இந்த இரண்டில் எது நமக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்போம்.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அழித்தார்கள். காஞ்சியில் முகாமிட்டிருந்த தளபதி மன்றோ பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்த வட்டாரத்து வயல்கள் பாழாயின. ஏரிகள் கவனிப்பாரற்றுப் போயின. ஊரை விட்டு ஓடியவர்கள் சென்னை மதில் ஓரத்தில் குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் கறுப்பர் நகரத்தின் வடக்கே, இராயபுரம் பக்கம் எழுந்ததுதான் மணியக்காரர் சத்திரம். பஞ்சம் போன பிறகும் சத்திரம் போகவில்லை. 1799-ல் அங்கே ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர்வாசிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாயின. அந்த மருத்துவமனைதான் வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனை என்று நிற்கிறது. வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். புள்ளலூர்ப் போரில் தொடங்கிய பசி, ஒரு மருத்துவக் கல்லூரியில் போய் முடிந்திருக்கிறது.

கவனியுங்கள்: மணியக்காரர் சத்திரம் நன்கொடையும் அரசின் தயவுமாக நடந்தது. ஊர்தோறும் வரி, வரியிலிருந்து படி, மறுத்தால் முறையீடு என்ற எலிசபெத் காலத்து ஏற்பாட்டைக் கம்பெனி இங்கே நினைத்தும் பார்க்கவில்லை. அதன் சொந்த நாட்டிலோ அந்த ஏற்பாடு அப்போது விரிந்துகொண்டிருந்தது. 1795-ல் ஸ்பீனம்லேண்டு என்ற இடத்தில் கூடிய நீதிபதிகள் ஓர் அட்டவணை போட்டார்கள்: 8 பவுண்டு 11 அவுன்சு எடையுள்ள ரொட்டி 1 ஷில்லிங் விற்றால் உழைப்பாளிக்கு வாரம் 3 ஷில்லிங்காவது கிடைக்க வேண்டும்; ரொட்டி விலை ஏற ஏற அதுவும் ஏற வேண்டும்; கூலி குறைந்தால் மிச்சத்தை ஊர் வரி நிரப்பும். அரசு ஊழியர் கேட்டு வாங்கும் அகவிலைப்படிக்கு இதைவிடப் பழைய முன்னோடியை நான் அறியேன்.

இதைக் கண்டு கொதித்தவர்களில் ஒருவர் தாமஸ் மால்தஸ். ஏழைக்குப் படியளந்தால் அவன் பிள்ளை பெற்றுத் தள்ளுவான், சோறு பற்றாமல் போகும், கடைசியில் எல்லோருமே ஏழையாவார்கள் என்று 1798-ல் புத்தகம் எழுதினார். 1805-ல் அவருக்கு ஒரு பேராசிரியர் வேலை கிடைத்தது. அதுவும் இந்தியாவுக்கு அனுப்புவதற்காக இளம் அதிகாரிகளைப் பயிற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில். சாகும்வரை, 1834 வரை, அங்கே பொருளாதாரம் கற்பித்தார். அவர் இறந்த அதே ஆண்டில் இங்கிலாந்து பழைய ஏழைச் சட்டத்தை முறித்துப் புதியது எழுதியது. உதவி வேண்டுமானால் வேலைக்கூடத்துக்குள் வந்து அடைபட வேண்டும். உள்ளே வாழ்வு வெளியே உள்ள கடைநிலைக் கூலியின் வாழ்வைவிடக் கீழாக இருக்க வேண்டும். அப்போதுதான் மெய்யாகவே வழியற்றவன் மட்டும் வருவான். பசிக்கு ஒரு பரீட்சை. ஆண்டோவர் என்ற ஊரின் வேலைக்கூடத்தில் எருவுக்காக எலும்பு இடிக்க வைக்கப்பட்டவர்கள், அந்த எலும்பில் ஒட்டியிருந்த அழுகிய சதையைக் கடித்துத் தின்றது 1845-ல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது.

இந்தப் பரீட்சைதான் 1877-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது.

1876-ல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறி, வலுவான எல் நினோவும் சேர்ந்துகொண்டது. இந்தியா மட்டுமல்ல, சீனாவும் பிரேசிலும்கூட அந்த ஆண்டுகளில் வறண்டன. ஆனால் வறட்சியை வானம் தருகிறது, பஞ்சத்தை மனிதர்கள் உண்டாக்குகிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் செத்த அந்தப் பஞ்சத்தில், செலவைக் கட்டுப்படுத்த வைசிராய் லிட்டன் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்டு டெம்பிள். இவரும் கம்பெனிக் கல்லூரி மாணவர். இதில் ஒரு முரண் உண்டு: 1873-74 பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி ஏராளமான உயிர்களைக் காத்தவர் இதே டெம்பிள்தான். அதற்காகக் கிடைத்தது பாராட்டு அல்ல. பணத்தை வாரி இறைத்தார் என்ற வசை. சூடுபட்ட மனிதர் சென்னைக்கு வந்தபோது கையைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

நிவாரண வேலையில் முழுநாள் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு உப்பு புளிக்குச் சில்லறைக் காசு. டெம்பிள் கூலி என்று இது வரலாற்றில் நின்றுவிட்டது. வேலையிடத்தையும் வேண்டுமென்றே தூரத்தில் வைத்தார்கள். மெய்யாகப் பசித்தவன் நடந்து வருவான் என்பது கணக்கு. சமைத்த சோறு போட்டால் சாதிக்கு அஞ்சிப் பலர் வர மாட்டார்கள், அதுவும் ஒரு வடிகட்டிதான் என்றும் பேசப்பட்டது. இங்கிலாந்துப் பரீட்சைக்கு உள்ளூர் வினாத்தாளை நாமே எடுத்துக் கொடுத்திருந்தோம்.

ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அரிசியாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,590 கலோரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி 65 கிலோ எடையுள்ள ஆண் கடும் உழைப்பு உழைத்தால் ஒரு நாளைக்கு 3,470 கலோரி தேவை. உட்கார்ந்தே வேலை செய்தால்கூட 2,110. அன்றைய நம் உழவரின் உடல் இன்னும் சிறியதுதான் என்று குறைத்துக்கொண்டாலும் கணக்கு எட்டாது.

இந்த 1,590 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு 1945-க்குப் போனால் ஒரு திகைப்பு காத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினி கிடந்த ஐரோப்பியர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் ஓர் ஆய்வு நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. நாளுக்குக் கொடுத்தது சராசரி 1,570 கலோரி. கிட்டத்தட்ட அப்படியே டெம்பிள் கூலி! அவர்கள் கல் உடைக்கவில்லை. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்தார்கள், படித்தார்கள், சிறு வேலைகள் செய்தார்கள். ஆனாலும் உடல் எடையில் சுமார் கால்பங்கு போனது. கால் வீங்கியது, நாடித்துடிப்பு மந்தமானது, கோடையிலும் குளிரெடுத்தது. சிரிப்பு நின்றது. எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்தார்கள். பேச்செல்லாம் சாப்பாடு, சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள்.

எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இன்னொரு முறை படியுங்கள். உணவு குறைந்தால் உடல் முதலில் இருப்பிலுள்ள சர்க்கரையையும் பிறகு கொழுப்பையும் எரிக்கிறது. அதோடு தசையையும் கரைக்கிறது. வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை அணைப்பதுபோல, அசைவையும் உடல்சூட்டையும் தானாகவே சுருக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது சோம்பல். சாட்டை எடுத்தவர்களும் காதில் துளை போட்டவர்களும் நோயின் அறிகுறியையே குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1877-லேயே இதைப் புரிந்துகொண்ட ஒருவர் சென்னையில் இருந்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் விடாமல் எழுதினார். சிறையில் கடுங்காவல் கைதிக்குக் கொடுக்கும் சோறு நிவாரணக் கூலியைவிட அதிகம் என்று எடுத்துக்காட்டினார். குற்றம் செய்தவனுக்கு நிறைய, பசித்தவனுக்குக் குறைவு! சென்னை அரசு சில மாதங்களில் பாதி வழி இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் பவுண்டாகி, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அந்த நிவாரண வேலைகளில் வெட்டியதுதான் சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய். அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள் நிற்கின்றன. வெட்டியவர்களின் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை.

நெசவாளர் விஷயத்தில் மட்டும் நிர்வாகம் கொஞ்சம் யோசித்தது. கல் உடைத்துக் காய்ப்பேறிய கை மறுபடி இழை பிடிக்காது. ஆகவே நூல் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு சென்னை மாகாணத்தில் வந்தது; பிந்தைய பஞ்சங்களிலும் தொடர்ந்தது. மூலப்பொருள் கொடுத்து வேலை வாங்கு என்ற எலிசபெத் காலத்து யோசனைதான் இது. அங்கிருந்து நமக்கு வந்த நல்ல சரக்கு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன்.

பஞ்சம் முடிந்ததும் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 1880-ல் அறிக்கை வந்தது. அதிலிருந்து பஞ்சக் கையேடுகள் பிறந்தன. எப்போது கஞ்சித்தொட்டி திறப்பது, எத்தனை பேருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் முறைப்படுத்தியதில் அவற்றுக்குப் பெருமை உண்டு. ஆனால் அறிக்கையின் ஓரிடத்தில் ஆணையம் மனம் திறக்கிறது. பஞ்ச காலத்தில் உதவி பெறுவது ஏழையின் உரிமை என்று ஒப்புக்கொண்டால், எல்லாக் காலத்திலும் அது உரிமைதான் என்ற இடத்துக்குப் போய்விடும். அப்படி ஓர் ஏற்பாட்டை எங்களால் அச்சமின்றி எண்ணிப் பார்க்க முடியாது என்பது அதன் சாரம். 1601 முதல் தங்கள் ஊரில் ஏதோ ஒரு வடிவில் நடந்துவந்ததைக் கண்டுதான் அந்த அச்சம். கப்பலேறாத சாமான் எது என்பது இப்போது விளங்கும். தூரப் பரீட்சை, உழைப்புப் பரீட்சை, அவமானப் பரீட்சை எல்லாம் இறங்கின. மறுத்தால் முறையிடலாம் என்ற உரிமை துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

பரீட்சையையே திருப்பிப் போட்ட அதிகாரி ஒருவரும் இந்த மண்ணில் வேலை பார்த்தார். அன்று காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடக்கம். அதன் கலெக்டர் டிரெமன்ஹீர், மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து 1891-ல் எழுதிய அறிக்கையில், இவர்கள் ஏன் ஏழை என்ற கேள்விக்கு அவர்களுடைய குணத்தில் விடை தேடவில்லை. நில ஆவணங்களில் தேடினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்று மிராசுதார் மிரட்டலாம். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. உழைப்பவன் கையில் நிலம் சேர விடாத ஏற்பாடுதான் வறுமையின் வேர் என்றார். அதன் விளைவு 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்த நிலங்கள் அதிலிருந்து வந்தவை. அவற்றில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் இன்றும் சூடான கேள்வி.

பிச்சைக்காரரைக் குற்றவாளியாக்கும் பழைய மரபும் விடவில்லை. இலங்கையில் 1939-ல் ஏழைச் சட்டம் என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. அதிலாவது கொடுக்கும் கடமை இருந்தது. சென்னை மாகாணத்தில் 1945-ல் வந்தது பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். தில்லியில் இதே போன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. பிரிட்டனோ தன் ஏழைச் சட்டத்தின் மிச்சத்தை 1948-லேயே ஒழித்துவிட்டது.

உரிமை இங்கே மெதுவாகத்தான் வந்தது. 1952-53-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர் கஞ்சித்தொட்டிக்கு நின்றபோது, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரையும் தோழர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். 1956-ல் காமராசர் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பள்ளியில் சமைத்த உணவு நாடு முழுவதும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஆணையிட்டது. 2005-ல் நூறு நாள் வேலையும் 2013-ல் உணவும் சட்டப்படியான உரிமைகள் ஆயின. ஸ்ட்ரேச்சி ஆணையம் அஞ்சியது நடப்பதற்கு 133 ஆண்டு ஆயிற்று.

எந்தப் பரீட்சைக்கும் இரண்டு வகைப் பிழை உண்டு. தேவையில்லாதவருக்குக் கொடுப்பது ஒன்று. தேவைப்படுபவரை விட்டுவிடுவது மற்றொன்று. முதல் பிழையால் அரசுக்குப் பணம் போகும். இரண்டாவதால் உயிர் போகும். 1997-ல் ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று ஒன்றிய அரசு பிரித்தபோது நாடெங்கும் நிகழ்ந்தது இரண்டாவது. 2004-05 மாதிரிக் கணக்கெடுப்பில், ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் வறுமைக்கோட்டு அட்டையே இல்லை. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் ஒரே கடை என்று நின்றது. அரிசி வாங்கி மாவு மில்லுக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்தான். அது முதல் வகைப் பிழை. இரண்டில் ஒன்றைச் சுமந்தே ஆக வேண்டுமானால் இதைச் சுமப்பது எவ்வளவோ மேல்.

இலவசம் கொடுத்தால் சனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் தினம் ஒலிக்கும் வாதம். அதைச் சொல்கிறவர்கள் தாங்கள் மால்தஸ் பேசுவதை அறிவதில்லை. ஸ்பீனம்லேண்டு படி உழைப்பாளிகளைக் கெடுத்தது என்ற புதிய ஏழைச் சட்டத்துக்கு அடிகோலிய 1834-ஆம் ஆண்டு அறிக்கையின் முடிவு கைக்கு வந்த சான்றுகளோடு பொருந்தவில்லை என்று 1963-ல் பொருளியல் வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் காட்டினார். 2017-ல் அபிஜித் பானர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு உதவித்தொகைத் திட்டங்களின் சோதனைத் தரவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். உதவி பெற்ற குடும்பங்கள் வேலைக்குப் போவதையோ உழைக்கும் நேரத்தையோ குறைத்துக்கொண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. அடுத்த முறை யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் எண்ணிப் பார்த்தது என்று கேளுங்கள்.